மெல்லிய தகடுகளைப் பற்றவைக்க ஏற்ற நிரப்புக் கம்பி

தேயிலைத் தொழிற்சாலைகளில் வேலை செய்வோர் கவனத்திற்கு

நுவரெலியா, அட்டன், தலவாக்கலை முதலிய பகுதிகளிலுள்ள தேயிலைத் தொழிற்சாலைகளில் மெல்லிய தகட்டாலான பாகங்கள் பல உள. கொழுந்து வாட்டுந் தொட்டியின் காற்றறை, உலர்த்தியின் சூட்டுக்காற்றுக் குழாய், இலை இறங்கும் சரிவுத் தகடு, தட்டங்கள் ஆகியன அவற்றுட் சில. ஈரமும் வெப்பமும் மாறி மாறித் தாக்குவதால் இவற்றின் மூட்டுகளில் நாளடைவில் வெடிப்பும் ஓட்டையும் உண்டாகின்றன. காற்றறையில் ஓட்டை விழுந்தால், விசிறி தள்ளுங் காற்று கொழுந்தை அடையாமல் வீணாகும். வாட்டம் ஒரு சீராக அமையாது. சரிவுத் தகட்டில் இட்ட ஒட்டு சரியாகப் பிடிக்காவிடின், அதன் துணுக்கு உதிர்ந்து தேயிலையிற் கலந்துவிடும்.

இத்தகைய தகடுகளைப் பழுது பார்க்க ‘டிக்’ வெல்டிங் முறை மிகவும் ஏற்றது. இம்முறை 1940 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அமெரிக்க விமானத் தொழிற்சாலைகளில் இலேசான உலோகங்களை இணைக்கும் பொருட்டு உருவாக்கப்பட்டது. டங்ஸ்டன் முனையிலிருந்து எழும் மின்பொறி தகட்டை உருக்குகிறது. ஆர்கன் வாயு அவ்வுருக்கைக் காற்றுப் படாமற் காக்கிறது. நிரப்புக் கம்பியை மறு கையால் ஊட்டுதல் வேண்டும். ஆகவே, எந்தக் கம்பியை எடுப்பது என்பது முழுவதும் வேலை செய்பவரின் பொறுப்பேயாகும்.

கம்பியின் பருமன்

நினைவில் இருத்த வேண்டிய விதி இதுவே: மெல்லிய தகட்டிற்குக் கம்பியின் விட்டம் தகட்டின் கனத்திற்கு ஏறத்தாழச் சமமாகவோ சற்றுக் குறைவாகவோ இருத்தல் வேண்டும். பிரித்தானியக் கேஜ் அளவுப்படி அது பின்வருமாறு அமையும்:

22 கேஜ் (0.71 மி.மீ.) – 0.8 மி.மீ. கம்பி
20 கேஜ் (0.91 மி.மீ.) – 1.0 மி.மீ. கம்பி
18 கேஜ் (1.22 மி.மீ.) – 1.0 அல்லது 1.2 மி.மீ. கம்பி
16 கேஜ் (1.63 மி.மீ.) – 1.6 மி.மீ. கம்பி
14 கேஜ் (2.03 மி.மீ.) – 1.6 மி.மீ. கம்பி

அமெரிக்கக் கேஜ் அளவு இதனின்று வேறுபடும். ஆகையால் மில்லிமீற்றரில் அளப்பதே நன்று. பழைய தகடு தேய்ந்திருக்கும் என்பதை மறத்தலாகாது. 16 கேஜ் என வாங்கிய தகடு பல ஆண்டு உழைப்பின்பின் 1 மி.மீ. அளவிற்கும் குறைந்திருக்கக் கூடும். துருவையும் பூச்சையும் சுரண்டியபின், பற்றவைக்கும் இடத்தை ஒட்டியே அளந்து, எஞ்சியுள்ள கனத்திற்கு ஏற்பக் கம்பியைத் தெரிவு செய்க.

பருமன் பிழைத்தால் நேர்வது என்ன?

கம்பி மிகத் தடித்திருந்தால், அது உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தை உருக்குக் குட்டையிலிருந்தே எடுத்துக்கொள்ளும். குட்டை குளிர்ந்து உறையும், கம்பி ஒட்டிக்கொள்ளும், உலோகம் கட்டியாக மேலே தங்குமேயன்றித் தகட்டோடு கலவாது. இதைக் கண்டு மின்னோட்டத்தைக் கூட்டினால், தகடு வளையும் அல்லது உருகி ஓட்டையாகும். பலர் ‘மின்னோட்டம் பிழை’ என எண்ணுமிடத்து உண்மையிற் பிழையாயிருப்பது கம்பியே.

கம்பி மிக மெல்லியதாயின், குட்டையைச் சேருமுன்னரே நுனி உருண்டையாய் உருகிவிடும். அதனை மிக விரைவாக ஊட்ட வேண்டியிருக்கும். போதிய உலோகம் சேராவிடின் ஒட்டின் நடு குழிந்து, ஓரம் அரிக்கப்பட்டு, அவ்விடமே மீண்டும் வெடிக்கும்.

0.8 மி.மீ. கம்பி கிடையாதவிடத்து, அதே உலோகத்தாலான ‘மிக்’ வெல்டிங் சுருட் கம்பியை வெட்டி நேராக்கி உபயோகிக்கலாம். உள்ளே மருந்து நிரப்பிய கம்பி இதற்கு உதவாது.

கம்பியின் இனம்

பருமன் பொருந்தினாற் போதாது. இனமும் பொருந்த வேண்டும். 304 வகைத் துருப்பிடிக்காத உருக்கிற்கு 308 எல் கம்பியும், 316 வகைக்கு 316 எல் கம்பியும் ஏற்றவை. துருப்பிடிக்காத உருக்கைச் சாதாரண மென்னுருக்கோடு இணைக்க 309 எல் கம்பி வேண்டும். இலை படும் துருப்பிடிக்காத தகட்டில் மென்னுருக்குக் கம்பியை இடுதல் கூடாது. அவ்வொட்டுத் துருப்பிடிக்கும், இரும்பு தேயிலைச் சாற்றோடு கூடினாற் கருநிறம் உண்டாகும்.

இன்னுமொன்று: தேயிலையிற் கலந்த இரும்புத் துகளைக் காந்தம் பிடித்துவிடும். துருப்பிடிக்காத உருக்கின் துணுக்கையோ காந்தம் எளிதிற் பற்றாது. ஆகவே உதிரக்கூடிய கட்டி எதனையும் ஒட்டின்மேல் விட்டுவைத்தலாகாது.

வேலை செய்யும் முறை

1. மென்னுருக்கிற்கு 1 மி.மீ. கனத்திற்கு ஏறத்தாழ 40 அம்பியர் வரை போதும். துருப்பிடிக்காத உருக்கிற்கு அதனிலும் குறைவாக வைக்க. நேர் மின்னோட்டத்தில், டங்ஸ்டன் முனையை எதிர் மின்வாயோடு இணைக்க வேண்டும்.
2. விளிம்புகளை இடைவெளியின்றிப் பொருத்தி, நெருக்கமாகப் புள்ளி ஒட்டுகள் இடுக. வெளிமூலை மூட்டு நன்கு பொருந்தினால் கம்பியின்றியே விளிம்புகளை உருக்கி இணைக்கலாம்.
3. நாகம் பூசிய தகடாயின், பூச்சை முதலில் அகற்றுக. நாகப் புகையை முகர்ந்தாற் காய்ச்சல் உண்டாகும்.
4. மலைக்காற்று ஆர்கன் வாயுவைக் கலைத்துவிடும். வாட்டு விசிறிகளை நிறுத்தி, காற்றுக்கு மறைப்புக் கட்டி வேலை செய்க. ஆயினும் புகை வெளியேற வழி இருத்தல் வேண்டும்.
5. மூலைகளிற் படிந்துள்ள தேயிலைத் தூசியும் பஞ்சும் எளிதிற் தீப்பற்றும். அவற்றைக் கூட்டி அகற்றியபின்னரே தொடங்குக. தண்ணீர் வாளி அருகிருக்கட்டும். வேலை முடிந்த பின்னரும் சிறிது நேரம் அவ்விடத்தைக் காவல் செய்க.
6. நில இணைப்பை ஒட்டுக்கு அண்மையிற் பூட்டுக. தவறினால் மின்னோட்டம் பெயரிங்குகளினூடாகச் சென்று அவற்றைக் கெடுக்கும்.
7. பனியும் ஈரமும் மிகுந்த நம் மலைநாட்டில் மென்னுருக்குக் கம்பி விரைவிற் துருவேறும். கம்பிகளை மூடிய குழாயில் இட்டு, உலர்ந்த இடத்தில், இனத்திற்கும் பருமனுக்கும் ஏற்பப் பிரித்து வைக்க.

வெட்டிய துண்டிற் சோதனை

நேரே பொறியின்மேற் கைவையாது, அதே கனமுள்ள கழிவுத் தகட்டில் இரண்டு அங்குலம் ஒட்டிப் பார்க்க. மறுபுறத்தில் மெல்லிய கோடு தொடர்ச்சியாகத் தெரிந்தால் கம்பியும் மின்னோட்டமும் பொருந்தின எனக் கொள்ளலாம். கோடு தெரியாவிடின் உருக்கு உட்செல்லவில்லை. மறுபுறம் தொங்கினால் வெப்பம் மிகுந்தது. இச்சோதனைக்குச் செல்வது சில நிமிடமே. பறித்த கொழுந்து தொட்டியிற் காத்திருக்கும்போது ஓட்டையைப் பெரிதாக்கிவிட்டாலோ, அன்றைய கொழுந்து முழுவதும் பழுதாக நேரிடும். எனவே முதலில் அளந்து, பின்னர் கம்பியை எடுத்து, அதன் பின்னரே பொறியை மூட்டுக.