‘பெய்தால்’ என்பதும் ‘இஃப்’ என்பதும்

ஆங்கில நிபந்தனை வாக்கியங்களைக் கற்பிக்கும்போது முதல் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை எனச் சூத்திரங்களை மனப்பாடம் செய்விப்பதே பெருவழக்காக உள்ளது. அதற்கு முன்னர்த் தாய்மொழியை ஒருமுறை உற்றுநோக்குதல் நலம்.

‘நாளை புக்கிட் மெர்தாஜாமில் மழை பெய்தால், திடலில் போட்டி நடைபெறாது’ என்கிறோம். மழை இனிமேல்தான் பெய்ய வேண்டும். ஆயினும் ‘பெய்தால்’ என்பதிலுள்ள ‘த்’ இறந்தகால இடைநிலையாகும். நன்னூலார் எதிர்கால வினையெச்சமாக வகுத்த ‘செயின்’ என்பதன் பொருளையே இன்று ‘செய்தால்’ என்பது தருகிறது. ஆகவே, வினையின் வடிவம் ஒரு காலத்தையும் பொருள் வேறொரு காலத்தையும் சுட்டுவது நமக்குப் புதிதன்று. ஆங்கிலத்திலும் ‘இஃப் இட் ரெயின்ஸ்’ என்று நிகழ்கால வடிவமே வருகிறது. அவ்விடத்தில் ‘வில்’ சேர்ப்பது பிழை.

மூன்றாம் வகையும் எளிதே. ‘நீ வந்திருந்தால் அவரைப் பார்த்திருப்பாய்’ என்பதற்கு ‘இஃப் யூ ஹேட் கம், யூ வுட் ஹேவ் சீன் ஹிம்’ என்பது ஏறக்குறைய உறுப்புக்கு உறுப்பு ஒத்து நிற்கிறது.

இடர்ப்பாடு இரண்டாம் வகையிலேயே உள்ளது. ‘பணம் இருந்தால் மேலே படிப்பேன்’ என்னும் தமிழ் வாக்கியம், பணம் கிடைக்கக்கூடும் என்பதையும் கிடைக்க வழியில்லை என்பதையும் ஒருங்கே தாங்கும். இடமே பொருளைத் தெளிவிக்கும். மலாய் மொழியிலும் ‘கலாவ்’, ‘ஜிக்கா’ ஆகிய சொற்களுக்குப் பின் காலத்திற்கேற்ப வினை வடிவம் மாறுவதில்லை. எனவே நம் மாணவர் அறிந்த இரு மொழிகளும் இவ்வேறுபாட்டை வினையில் கட்டாயமாகக் காட்டுவதில்லை. ஆங்கிலமோ தேர்ந்துகொள்ளுமாறு வற்புறுத்துகிறது. ‘இஃப் ஐ ஹேவ் த மணி, ஐ வில் ஸ்டடி’ என்பதில் நம்பிக்கை உண்டு. ‘இஃப் ஐ ஹேட் த மணி, ஐ வுட் ஸ்டடி’ என்பதிலோ கைக்கெட்டாமை தொனிக்கிறது. இங்கு ‘ஹேட்’ கடந்த காலத்தைக் குறிப்பதன்று. உண்மை நிலையிலிருந்து விலகி நிற்பதைக் குறிப்பது. உதவித்தொகை வேண்டி எழுதும் மடலில் இவ்விரண்டும் இடம் மாறினால், முயன்று படிக்க நினைக்கும் மாணவர் முயற்சியைக் கைவிட்டவர்போல் தோன்றக்கூடும்.

ஆதலின் முதல் வகையையும் மூன்றாம் வகையையும் தமிழோடு ஒப்பிட்டு முதலில் கற்பித்து, இரண்டாம் வகையை இறுதியில், கூடுதல் நேரம் ஒதுக்கிக் கற்பிக்கலாம் என்பது நம் பரிந்துரை. அவ்வேளையில் மாணவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதுமுன், ‘இது நடக்கக்கூடியதா, வெறும் கற்பனையா?’ என்று தம்மைத் தாமே வினவிக்கொள்ளட்டும். விடை தெளிந்தபின் வினை வடிவத்தைத் தேர்வது கடினமன்று.