பணம் வாங்க ‘பின்’ எதற்கு? உஷார்!

பழைய கட்டிலை விற்க இன்டர்நெட்டில் விளம்பரம் கொடுத்தால் போதும். உடனே போன் வரும். “நான் மிலிட்டரி ஆபீசர் சார். பேரமே வேண்டாம், இப்பவே பணம் அனுப்பறேன்” என்பான் ஆசாமி.

அடுத்து செல்போனுக்கு ஒரு கியூ.ஆர். கோடு வரும். “இதை ஸ்கேன் பண்ணி ‘பின்’ நம்பரைப் போடுங்க. பணம் உங்க கணக்குல ஏறிடும்” என்பான்.

போட்டால்? ஏறாது. கல்யாணத்துக்குச் சேர்த்து வைத்திருந்த பணமும் பறந்துவிடும்!

யு.பி.ஐ.யில் ‘பின்’ நம்பர் பணம் கொடுக்கத்தான் வேண்டும். வாங்க வேண்டியதே இல்லை. வீட்டுப் பெரியவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

ஏமாந்துவிட்டால், ‘வெளியே தெரிந்தால் மானம் போகும்’ என்று மறைக்காதீர்கள். உடனே 1930க்கு போன் செய்து, வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் கைமாறுவதற்குள் முடக்க வழி உண்டு. தாமதித்தால் போனது போனதுதான்!