எழுத்தறியாதவருக்கும் புரியும் எச்சரிக்கை

தொழிற்சாலைகளிலும் பட்டறைகளிலும் சுவர்தோறும் பலகைகள் தொங்குவதைக் காண்கிறோம். 'அபாயம்', 'புகை பிடிக்காதீர்' என்று அவற்றில் எழுதியிருக்கும். வர்ணமும் தூரிகையும் கிடைத்தால் எவரும் எழுதிவிடக்கூடியவைதானே என்று தோன்றும். ஆனால், எழுதியவர் எண்ணியது ஒன்று, பார்த்தவர் புரிந்துகொண்டது வேறொன்று என்று ஆகிவிட்டால் என்ன நேரும்? ஈராக் நாட்டில் நிகழ்ந்த ஒரு துயரம் இதற்குச் சான்றாகும்.

சாக்கின் மேல் இருந்த எச்சரிக்கை

1971ஆம் ஆண்டின் இறுதியில் ஈராக் அரசு வெளிநாட்டிலிருந்து விதைக் கோதுமையை வரவழைத்து உழவர்களுக்கு வழங்கியது. பூஞ்சை தாக்காமலிருக்க அவ்விதையில் மெத்தில் பாதரசம் அடங்கிய மருந்து பூசப்பட்டிருந்தது. உண்ணத்தக்கதன்று என்பதைக் காட்டச் சாயமும் ஏற்றியிருந்தனர். சாக்குகளின் மேல் எச்சரிக்கையும் இருந்தது. ஆனால் அது ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. மண்டையோட்டுப் படம் எதைக் குறிக்கிறது என்பதும் அந்தக் கிராமத்து மக்களுக்குத் தெரியாது.

பல இடங்களுக்கு விதை வந்து சேர்ந்தபோது விதைப்புப் பருவம் முடிந்துவிட்டிருந்தது. மக்கள் கோதுமையைக் கழுவிப் பார்த்தனர். சாயம் போயிற்று, அதனுடன் நஞ்சும் போயிற்று என்று நம்பினர். உண்மையில் சாயம்தான் நீரில் கரைந்தது. பாதரசம் தானியத்திலேயே தங்கிவிட்டது. அதை மாவாக்கி ரொட்டி சுட்டு உண்டனர். நோயின் அறிகுறிகள் சில வாரங்கள் கழித்தே தோன்றும் என்பதால் உடனே ஐயம் எழவில்லை. மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டோர் 6,530 பேர். அங்கே இறந்தோர் 459 பேர்.

நிறம், சொல், படம் ஆகிய மூன்றும் இருந்தும் ஒன்றும் பயன்படவில்லை. ஆகவே, பாதுகாப்புக் குறி செய்ய முற்படுபவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, 'இதைப் பார்க்கப் போகிறவர் யார்?' என்பதே.

நிறமும் வடிவமும்

பன்னாட்டுத் தர விதிகளும், நம் நாட்டின் ஐ.எஸ். 9457 என்னும் தர விதியும் குறிகளைச் சில வகைகளாகப் பிரிக்கின்றன. சிவப்பு வட்டத்தில் குறுக்குக் கோடு இருந்தால் 'செய்யாதே' என்று பொருள். நீல வட்டத்தில் வெள்ளைப் படம் இருந்தால் 'கட்டாயம் செய்' என்று பொருள். கறுப்பு விளிம்புள்ள மஞ்சள் முக்கோணம் ஆபத்தை முன்னறிவிக்கிறது. பச்சை நிறச் சதுரமோ செவ்வகமோ வெளியேறும் வழி, முதலுதவிப் பெட்டி போன்றவற்றைக் காட்டுகிறது.

நிறம் ஒன்றே போதாதா, வடிவம் எதற்கு? ஆண்களில் நூற்றுக்குச் சிலர் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்கள். அவர்களுக்கு வடிவமே துணை. விளக்கொளியும் நிறத்தை மாற்றிவிடும். மஞ்சள் ஒளி மட்டுமே வீசும் சோடியம் ஆவி விளக்கின் கீழ்ச் சிவப்பும் நீலமும் கருமையாகத் தெரியும். ஆகவே பலகையை மாட்டுமிடத்தில், அங்குள்ள விளக்கொளியிலேயே பார்த்துச் சரிபார்க்க வேண்டும்.

ஒரே நிறம் இரண்டு இடங்களில் இரண்டு பொருள் தருவதும் உண்டு. 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளின்படி, மருந்து டப்பாக்களில் சாய்சதுரத்தின் கீழ்ப்பாதி நஞ்சின் கடுமைக்கேற்பச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என நிறம் பெறுகிறது. அங்கே பச்சை என்றால் நஞ்சு குறைவு என்றுதான் பொருள். நஞ்சே இல்லை என்பதன்று. சுவரில் பச்சையைப் 'பாதுகாப்பு' என்று கற்றவர் டப்பாவிலும் அப்படியே கொள்ளக்கூடும். இதை வாயால் சொல்லிக் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

படம் பேசுமா?

கதிரியக்கத்தைக் குறிக்கும் மூன்று இதழ்ச் சின்னம் 1946இல் அமெரிக்காவில், கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் உருவானது. கற்றவர்க்கு அது தெளிவான குறி. கல்லாதவர்க்கோ அது மின்விசிறியைப் போலத்தான் தோன்றும். எனவே பன்னாட்டு அணுசக்தி முகமை இந்தியா உள்ளிட்ட 11 நாடுகளின் மக்களிடம் புதிய படங்களைக் காட்டிச் சோதித்தது. அதன் பயனாக 2007இல் ஒரு துணைக் குறி வெளியாயிற்று. சிவப்பு முக்கோணத்தில் கதிர் அலைகள், மண்டையோடு, ஓடும் மனிதன் ஆகியவை உள்ளன. ஆபத்து எது, செய்ய வேண்டியது என்ன என்னும் இரண்டையும் அது சொல்கிறது.

சொல்லுக்கும் இதே விதிதான். 'ஜாக்கிரதை' என்று மட்டும் எழுதினால் எதற்கு ஜாக்கிரதை என்று விளங்காது. 'சாணை பிடிக்கும்போது கண்ணாடி அணிக' என்றால் ஐயமில்லை. மொழியும் முக்கியம். 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகள், அபாயப் பலகையில் இந்தி அல்லது ஆங்கிலத்துடன் அவ்வட்டார மொழியும் மண்டையோட்டுச் சின்னமும் இருக்க வேண்டும் என்றன. இன்று தமிழ்நாட்டுப் பட்டறைகளில் ஒடிய மொழியும் வங்காளியும் பேசுவோர் பலர் பணிபுரிகின்றனர். அவர்களுக்குத் தமிழ்ப் பலகை வெறும் கோலமே.

எவ்வளவு பெரிதாக?

இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. எத்தனை மீட்டர் தொலைவிலிருந்து பார்க்க வேண்டுமோ, அந்த எண்ணை அதனாலேயே பெருக்கி 2,000ஆல் வகுத்தால், பலகைக்குத் தேவையான குறைந்த அளவுப் பரப்பு சதுர மீட்டரில் கிடைக்கும். 10 மீட்டருக்கு 0.05 சதுர மீட்டர். அதாவது பக்கத்திற்குச் சுமார் 22 சென்டிமீட்டர் உள்ள சதுரம். 20 மீட்டருக்கு 0.2 சதுர மீட்டர். தொலைவு இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காக வேண்டும் என்பதைக் கவனியுங்கள்.

புட்டியில் ஒட்டும் சீட்டு

பெரிய பீப்பாயில் சீட்டு ஒழுங்காக இருக்கும். அதிலிருந்து தின்னரையோ அமிலத்தையோ சிறு புட்டியில் ஊற்றும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. தண்ணீர்ப் புட்டியிலும் குளிர்பானப் புட்டியிலும் இவற்றை ஒருபோதும் ஊற்றிவைக்கக் கூடாது. வேறு கலத்தில் ஊற்றுவதானாலும் முதலில் சீட்டை ஒட்டிவிட்டுப் பிறகே ஊற்ற வேண்டும். பேனா மை ஸ்பிரிட்டு பட்டால் கரைந்துவிடும். பென்சில் எழுத்து கரையாது. புட்டியைச் சாய்க்கும்போது சீட்டு உள்ளங்கையின் பக்கம் இருக்கட்டும். அப்போது வழியும் துளி சீட்டை அரிக்காது.

கடைசிச் சோதனை

பலகை தயாரானதும், அதை எழுதியவரையோ மேலாளரையோ கேட்பதில் பயனில்லை. அன்று புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரிடம் காட்டி, 'இது என்ன சொல்கிறது? நீங்கள் என்ன செய்வீர்கள்?' என்று கேளுங்கள். அமெரிக்கத் தர விதி ஒன்று, கேட்கப்படுவோரில் நூற்றுக்கு 85 பேராவது சரியாகச் சொல்ல வேண்டும் என்கிறது. நேர் எதிராகப் புரிந்துகொள்வோர் நூற்றுக்கு 5 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்றும் கூறுகிறது. ஒன்றும் புரியாதவர் பிறரைக் கேட்பார். தவறாகப் புரிந்துகொண்டவரோ துணிந்து செய்துவிடுவார்.

ஒன்றை மறக்கலாகாது. தரையில் பள்ளம் இருந்தால் முதலில் மூடி போடவேண்டும். சுழலும் பட்டைக்குக் காப்பு வேண்டும். அவற்றிற்கு ஈடாகப் பலகையை மாட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடலாகாது. நீக்க முடியாமல் எஞ்சி நிற்கும் ஆபத்தைச் சொல்லவே பலகை. அந்தப் பலகையும் வெயிலில் வெளுத்து, எண்ணெய்ப் புகை படிந்து மறைந்துபோகாமல், மாதம் ஒருமுறையேனும் துடைத்துப் பார்த்துவர வேண்டும்.