நண்பர்களோடு நாயனம் கேட்கப் போவது

வீட்டை விட்டு நகராமலே, ஒரு பொத்தானை அழுத்தி, உலகத்துச் சங்கீதம் அனைத்தையும் கேட்டுவிடலாம் என்கிற இக்காலத்திலும், நாகஸ்வரம் ஒன்றை மட்டும், அது வளர்ந்த கோயில் வீதியிலே, திறந்த வானத்தின் கீழ், மனத்துக்கு இசைந்த நாலைந்து நண்பர்களோடு நின்றும் நடந்தும் கேட்டாலொழிய அதன் முழு ஸ்வரூபத்தையும் அறிந்தவர்களாக மாட்டோம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

அந்த வாத்தியத்தின் அமைப்பே இதற்குச் சாட்சி. ஆச்சா மரத்தைக் கடைந்து செய்த உலவு, அதன் அடியில் விரிந்து நிற்கும் அணைசு, தலைப்பில் கெண்டை, கெண்டையில் செருகிய நாணல் சீவாளி, விரல் வைத்து வாசிக்க ஏழு துளைகள், இவ்வளவுதான். புல்லாங்குழலைப் போல இதையும் மூச்சாலேதான் ஆள வேண்டும் என்றாலும், இதற்குத் தேவைப்படுகிற மூச்சு வேறு. உதட்டின் அழுத்தத்தாலும் காற்றின் ஏற்ற இறக்கத்தாலுமே நுட்பமான ஸ்வர ஸ்தானங்களையும் கமகங்களையும் பேச வைக்கிறார் வித்வான். கும்பகோணத்தை அடுத்த நரசிங்கன்பேட்டை ஆசாரிமார் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் இந்த வாத்தியத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாலு ரத வீதிகளுக்கும் கேட்கும்படி உருவான நாதத்தை நாலு சுவருக்குள் அடைத்து, அதன் முன்னே ஒலிபெருக்கியையும் நிறுத்தினால், தவில் இரைச்சலாகவும் நாயனம் கூச்சலாகவும் தோன்றுவதில் என்ன ஆச்சரியம்? அது வாத்தியத்தின் குற்றம் அன்று.

முன்னாளில் திமிரி என்னும் குட்டையான, சுருதி உயர்ந்த நாயனமே எங்கும் வழங்கிவந்தது. நீளம் மிகுந்து சுருதி தாழ்ந்த பாரி நாயனத்தைக் கையாண்டு, ஆலாபனைக்கு ஒரு புதிய கம்பீரத்தையும் நிதானத்தையும் கொடுத்தவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. 1898-இல் பிறந்து 1956-இல் மறைந்த அந்த மேதையின் தோடி, இசைத்தட்டு வழியாகவும் ஊர் ஊராகப் பரவியது. அவருடைய சிஷ்யர் காருகுறிச்சி அருணாசலம் 1962-இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் வாசித்ததைக் கேளாத தமிழர் குறைவு. ஆந்திர தேசத்துக் கரவதியில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா, தஞ்சாவூர் பாணியிலே மனம் பறிகொடுத்து, ஸ்ரீரங்கத்துக்கே குடிவந்து அதைத் தம்முடையதாக்கிக்கொண்டார். யாழ்ப்பாணத்து அளவெட்டி தட்சிணாமூர்த்தியின் தவிலைப் பற்றி, கடலுக்கு இக்கரையிலும் அக்கரையிலும் இன்றைக்கும் பேசி மாளவில்லை.

ஸ்வாமி புறப்பாட்டின்போது நடக்கும் கச்சேரிக்கு என்று ஒரு கிரமம் உண்டு. தவில் முழங்கியதும், கம்பீர நாட்டையில் மல்லாரி. சாகித்யம் என்று ஒரு சொல்கூட இல்லாத இந்த உருப்படியை, காலப்பிரமாணத்தை மாற்றி மாற்றி வாசித்துக்கொண்டு மேளம் முன்னே செல்ல, ஸ்வாமி கோபுர வாசலைக் கடந்து வீதிக்கு வருகிறார். அதன் பிறகு ராகம். வீதி முனையிலே ஸ்ரீபாதம் தாங்குவோர் நின்று மூச்சு வாங்கும் சமயத்தில், வித்வான் சந்நிதியை நோக்கித் திரும்பிக்கொண்டு, ஒரு சங்கராபரணத்தையோ காம்போதியையோ அவசரமின்றி எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொண்டுபோகிறார் பாருங்கள், அதுதான் நாம் இத்தனை தூரம் வந்ததற்குப் பலன். ராகம், பல்லவி, கீர்த்தனம், தேவாரம் என்று வளர்ந்து, கடைசியில் பள்ளியறைக்கு நீலாம்பரியோடு நிறைவு பெறுவதற்குள் நள்ளிரவு தாண்டிவிடும்.

இந்த இடத்தில்தான் சிநேகிதர்களின் அருமை தெரிகிறது. தனியாகப் போனவன் இரண்டாவது வீதியோடு திரும்பிவிடுவான். கால் கடுக்கும், தூக்கம் வரும். கூட்டாளிகளோடு போனவனோ, ஒருவன் தேநீர் வாங்கிவர, ஒருவன் இடம் பிடிக்க, ஒருவன் ‘இது கல்யாணி அல்லவா?’ என்று கேட்க, இன்னொருவன் ‘சற்றுப் பொறு, மத்தியமத்தைக் கவனி’ என்று அடக்க, விடிகிறவரையில் நின்றுவிடுகிறான். ராகம் தெரிந்த நண்பன் ஒருவன் அமைந்துவிட்டால், பாடசாலையில் பல மாதம் கற்கவேண்டியதை ஒரே இரவில் கற்றுக்கொள்ளலாம். ராகம் தெரியாதவனும் வீணாவதில்லை. லயத்தில் மனம் போகிறவன் அவன்தான்.

அப்படிப்பட்டவனைத் தவிலுக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும். வலது கை விரல்களில், பசையிலே தோய்த்த துணியைச் சுற்றி உலர்த்திக் கல்லாய் இறுகின கூடுகள். இடது கையில் கட்டையான குச்சி. பலாமரத்தில் குடைந்த வாத்தியம் தோளிலிருந்து தொங்குகிறது. அவ்வளவு பாரத்தைச் சுமந்து நின்றபடியே ஒரு மணி நேரம் வாசிப்பவர், நாயனக்காரர் மெல்லிய சங்கதி ஒன்றைத் தொட்டவுடன், கூடுகளால் தோலைத் தடவினாற்போல் அடக்கி வாசிக்கிறார். நாயனக்காரரோ, இரண்டு உருப்படிகளுக்கு நடுவே, வாத்தியத்தோடு கட்டித் தொங்கும் சீவாளிகளில் வேறொன்றைத் தேர்ந்து, வாயில் வைத்து ஈரமாக்கி, ஊதிப் பார்த்து, திருப்தியில்லாமல் மறுபடி மாற்றுகிறார். மேடைக்குக் கீழே இருபதாவது வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்தக் காட்சிகள் கிட்டா.

வருத்தத்தோடு ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பாலான மேளக்காரர்களுக்கு இன்று ஜீவனம் கல்யாணங்களால் நடக்கிறது. அங்கே ‘கெட்டி மேளம்’ என்று கை காட்டுகிறவர்கள் உண்டே தவிர, காது கொடுப்பவர்கள் அரிது. பல வருஷம் குருகுலவாசம் செய்து கற்ற வித்தையைச் சாப்பாட்டுப் பந்தியின் சந்தடிக்கு நடுவே கொட்டிவிட்டுப் போகிறார்கள். அதே வித்வானைத் திருவிழா வீதியில், அறிந்து தலையசைக்கும் நாலு பேருக்கு முன்னால் கேட்டுப் பாருங்கள். ஐந்து நிமிஷத்தில் முடிக்க நினைத்த ராகம் அரை மணிக்கு விரிகிறது. ரஸிகர் கூட்டம் என்பது கேட்டு இன்புறுவது மட்டுமல்ல, கச்சேரியை உண்டாக்குவதும் அதுவே.

மயிலாப்பூரில் பங்குனிப் பெருவிழா வருகிறது. சிதம்பரத்தில் ஆனியிலும் மார்கழியிலும் திருவிழா உண்டு. உங்கள் ஊர்க் கோயிலிலும் ஏதேனும் ஒரு புறப்பாடு இருக்கும். நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு போங்கள். மேளத்துக்கு அருகிலேயே நில்லுங்கள். வாசித்து முடிந்ததும் அந்த வித்வான்களிடம் போய், எந்த ராகம் உங்களைப் பிடித்து நிறுத்தியது என்பதை ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.