ஒலிப்பதிவில் ஒலி மட்டத்தைக் கண்காணித்தல்

ஒலிப்பதிவு நடக்கும்போது, ஒலிவாங்கியிலிருந்து வரும் மின்சமிக்ஞை அளவுக்கு மீறாமலும் மிகக் குறையாமலும் இருக்கிறதா என்று அளவுகாட்டியைப் பார்த்தும் ஹெட்போனில் கேட்டும் கவனித்துக்கொண்டே இருப்பது ஒலி மட்டக் கண்காணிப்பு எனப்படும். கச்சேரி, மேடைப் பேச்சு, முதியவர்களின் வாய்மொழி நினைவுகள் போன்றவற்றை மறுமுறை பதிவு செய்யும் வாய்ப்பு பெரும்பாலும் கிடைப்பதில்லை. அத்தகைய பதிவுகளில் இது மிகவும் இன்றியமையாதது.

டிஜிட்டல் கருவிகளில் மட்டம் டெசிபெல் அலகில் மேலிருந்து கீழாகக் கணக்கிடப்படுகிறது. கருவி பதியக்கூடிய உச்ச அளவு 0 ஆகும். அதற்குக் கீழுள்ளவை −6, −12, −40 என்று குறை எண்களாகவே அமையும். 0 என்றால் ஒலியே இல்லை என்று புதியவர்கள் நினைப்பதுண்டு. உண்மை அதற்கு நேர்மாறானது. அந்த எல்லையைத் தாண்டும் ஒலியலையின் முகடு தட்டையாக வெட்டப்பட்டுவிடும். இதுவே கிளிப்பிங். காதுக்கு அது கரகரவென்று ஒலி உடைவதுபோலக் கேட்கும். பிறகு ஒலியைக் குறைத்து வைத்தாலும் வெட்டுப்பட்ட முகடு திரும்பாது. சரிசெய்யும் மென்பொருள்கள் விடுபட்ட பகுதியை ஊகித்து நிரப்புகின்றன, அவ்வளவுதான்.

காந்த நாடாவில் நிலைமை வேறு. மட்டம் சற்று மிகுந்தாலும் திரிபு படிப்படியாகவே கூடும். அக்காலத்தில் பரவலாக இருந்த வி.யூ. அளவுகாட்டி 1939இல் அமெரிக்காவில் தரமாக ஏற்கப்பட்டது. அதன் முள் சராசரி ஒலிக்கு ஏற்பவே அசையும். ஒலிக்கு ஈடுகொடுத்து உயர ஏறத்தாழ 0.3 விநாடி ஆகும். ஆகவே கைதட்டல், தவில் அடி போன்ற நொடிப்பொழுது முகடுகளை அது முழுமையாகக் காட்டாது. டிஜிட்டல் பதிவுக்கு உச்ச மட்டத்தைக் காட்டும் அளவுகாட்டியே ஏற்றது.

பேச்சைப் பதியும்போது உச்சங்கள் −12ஐ ஒட்டி அமையுமாறு வைப்பது நல்லது. சோதனைக்காகப் பெயரைச் சொல்லச் சொன்னால் பலரும் அடக்கமாகவே பேசுவார்கள். பழைய கதை சூடுபிடித்து வாய்விட்டுச் சிரிக்கும்போதுதான் மட்டம் எகிறும். எனவே, உரக்கப் பேசச் சொல்லி அளவு வைக்க வேண்டும். சற்றுக் குறைவாகப் பதிவாகிவிடுமோ என்ற அச்சம் இன்று பெரிதும் தேவையில்லை. 16 பிட் பதிவின் வீச்சு சுமார் 96 டெசிபெல். 24 பிட்டுக்குக் கோட்பாட்டளவில் 144 டெசிபெல்.

ஒலி மெலிதாக இருந்தால் கெயினைக் கூட்டுவதைவிட ஒலிவாங்கியை அருகில் கொண்டுசெல்வதே மேல். திறந்த வெளியில் தூரம் பாதியானால் மட்டம் 6 டெசிபெல் உயரும். கெயினைக் கூட்டினாலோ மின்விசிறியின் இரைச்சலும் சேர்ந்தே உயரும். தானியங்கி மட்டக் கட்டுப்பாடும் பேச்சின் இடைவெளிகளில் இதையேதான் செய்கிறது. அணைக்க வழியிருந்தால் அணைத்துவிடலாம்.

அளவுகாட்டியை மட்டும் நம்பவும் முடியாது. காற்று மோதுவதும் சேலை உரசுவதும் கம்பி இணைப்பு தளர்ந்திருப்பதும் அதில் தெரியாது. மேடையின் மிக்சரிலேயே ஒலி உடைந்திருந்தால், பதிவுக் கருவி −15 என்று ஒழுங்காகக் காட்டிக்கொண்டிருக்கும். பதிவாவது உடைந்த ஒலியாகவே இருக்கும். காதை மூடும் ஹெட்போனில் கேட்பவருக்கு இது உடனே புலப்படும். அப்போது பதிவுக் கருவியில் குறைத்துப் பயனில்லை. மிக்சரில்தான் குறைக்க வேண்டும். 32 பிட் மிதவைப் புள்ளி முறையில் பதியும் புதிய கருவிகளுக்கும் இது பொருந்தும்.