எண்ணூர் முகத்துவாரத்தில் மணல் வாரினால் வெளிநாட்டு பறவைகள் என்ன ஆகும்?

திருவொற்றியூர்:

எண்ணூர் முகத்துவாரக்குப்பம் அருகே கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கிறது. இங்கு ஆற்றின் வாய் அடிக்கடி மணல் தட்டி அடைபட்டு விடும். அடைபட்டால் இறால், நண்டு, மீன் குஞ்சு உள்ளே வராது. மழைக்காலத்தில் வெள்ளமும் சீக்கிரம் வடியாது. இதனால் முகத்துவாரத்தை தூர்வார வேண்டும் என்பது மீனவர்களின் நீண்ட நாள் கோரிக்கை.

ஆனால் இதே சேறும் மணல் திட்டும்தான் வெளிநாட்டு பறவைகளுக்கு சோறு போடுகிறது. அப்படியானால் தூர்வாரினால் பறவை போச்சு, வாராவிட்டால் பிழைப்பு போச்சு என்று அர்த்தமா? இல்லை. எங்கே, எப்போது, எப்படி வாருகிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

சைபீரியாவில் இருந்து...

வளைமூக்கு உள்ளான் என்ற பறவை சுமார் 60 கிராம் எடைதான் இருக்கும். ஒரு கோழி முட்டை கனம். ரஷியாவின் வடகோடி பனிப்பகுதியில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு பயந்து பல ஆயிரம் கிலோ மீட்டர் பறந்து நம்ம ஊர் கடலோரத்துக்கு வருகிறது. ஆகஸ்டு கடைசியில் இருந்து வரத்தொடங்கி, ஏப்ரல் வாக்கில் திரும்பும்.

இந்த பறவையும் சாம்பல் உப்புக்கொத்தியும் உலகம் முழுக்க குறைந்து வருகின்றன. 2024 அக்டோபரில் சர்வதேச சிவப்பு பட்டியலில் இரண்டுமே அழியும் அபாயம் உள்ளவையாக சேர்க்கப்பட்டன.

சேற்றில் என்ன இருக்கு?

கடல் வற்றும்போது வெளியே தெரியும் சேற்றில் புழு, சின்ன நண்டு, நத்தை நிறைய இருக்கும். அந்த சில மணி நேரத்தில்தான் பறவைகள் வயிற்றை நிரப்ப வேண்டும். உடம்பில் கொழுப்பு சேர்ந்தால்தான் திரும்பிப் பறக்க தெம்பு கிடைக்கும். பக்கத்திலேயே பொக்லைன் ஓடினால் மிரண்டு பறந்து, சேர்த்த தெம்பும் வீணாகும்.

அதைவிட மோசம், வாரிய மணலை சேற்றின் மேலேயே கொட்டுவது. புழு மூச்சு முட்டி செத்துவிடும். இடம் மேடாகி தண்ணீர் ஏறாது. பிறகு பறவையும் இல்லை, நண்டும் இல்லை.

தென்கொரியா பாடம்

தென்கொரியாவில் சேமாங்கம் முகத்துவாரத்தை சுமார் 33 கி.மீ. நீள கடல் சுவர் கட்டி 2006-ல் அடைத்தார்கள். அங்கு இரை தேடி வந்த 'கிரேட் நாட்' என்ற உள்ளான் இனம் அதன்பின் பெருமளவு குறைந்து, இன்று அழிவின் விளிம்பு பட்டியலில் உள்ளது.

பட்ட காயம் போதும்

எண்ணூர் ஏற்கனவே அடிபட்ட இடம். அனல் மின்நிலைய சாம்பலை அகற்றி கழிமுகத்தை சீரமைக்க 2022-ல் தேசிய பசுமை தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து, மீனவர்களின் வலை, படகு எல்லாம் பாழானது. கூழைக்கடா பறவைகள் உடம்பெல்லாம் எண்ணெயோடு திரிந்தன.

என்ன செய்யலாம்?

* தண்ணீர் ஓடும் நடு வாய்க்காலை மட்டும் ஆழப்படுத்தலாம். ஓர சேற்றுத் திட்டுகளை தொடக்கூடாது.

* வாரிய மண்ணில் எண்ணெய், சாம்பல் இருக்கிறதா என பரிசோதிக்க வேண்டும். சுத்தமான மணல் என்றால் அரிப்பால் தேய்ந்த கடற்கரைக்கு போடலாம்.

* பெரிய வேலைகளை பறவைகள் கூட்டமாக வருவதற்கு முன், வடகிழக்கு பருவமழைக்கு முன்பே முடிக்க வேண்டும்.

* கோடையிலும் கவனம் தேவை. ஆலா, உப்புக்கொத்தி இனங்கள் வெறும் மணலில் முட்டையிடும். அந்த இடத்தில் கொடி நட்டு, குஞ்சு பறக்கும் வரை விட்டுவிட வேண்டும்.

* வெள்ள அவசரத்தில் வாயை வெட்டியே ஆக வேண்டும் என்றால், அடைப்பை மட்டும் வெட்டினால் போதும்.

எந்த மாதம் எந்த திட்டில் பறவை இறங்கும் என்பது குப்பத்து மீனவர்களுக்கு அத்துப்படி. எந்திரம் இறங்குவதற்கு முன் நீர்வளத்துறையும் வனத்துறையும் அவர்களை படகில் கூட்டிப்போய், ஆழப்படுத்தும் இடம் எது, விட வேண்டிய திட்டு எது என்று குச்சி நட்டு குறித்துவிட்டால் பாதி பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். பறவை கொத்தும் அதே சேற்றில்தான் நண்டும் இறாலும் வளர்கிறது.