குங் ஃபூ பாட்டும் குர்பானி பாட்டும்: பிட்டு என்ற ரெக்கார்டு தயாரிப்பாளர்

ரெக்கார்டு தயாரிப்பாளர் என்றதும் பணம் போடுகிறவர் என்று நினைக்க வேண்டாம். பணம் பெரும்பாலும் கம்பெனியுடையது. எந்தக் குரலுக்கு எந்தப் பாட்டு, டிரம்ஸ் எவ்வளவு தூக்கலாகக் கேட்க வேண்டும், எந்த டேக்கை வைத்துக்கொள்வது என்றெல்லாம் ஒலிப்பதிவுக் கூடத்தில் முடிவு செய்பவர் இவர். நம் சினிமாவில் இதை இசையமைப்பாளரே செய்துவிடுவதால், இப்படி ஒரு ஆள் இருப்பது நமக்குத் தெரிவதில்லை.

இந்த வேலையில் உலகச் சந்தையையே பிடித்த இந்தியர் பிட்டு அப்பையா. பெங்களூருதான் சொந்த ஊர். இலங்கை வானொலியில் நம் ஊர்க்காரர்கள் தமிழ்ப் பாட்டுக்குக் காத்திருந்த காலத்தில், இவர் அதே நிலையத்தில் ஆங்கில பாப் கேட்டு வளர்ந்தார். 'டிரோஜன்ஸ்' என்ற குழுவில் பாடினார். 1967இல் லண்டன் போய், கிடைத்த வேலைகளைச் செய்துகொண்டே பாட்டுத் தயாரிப்பில் நுழைந்தார்.

1974இல் ஜமைக்காவில் பிறந்த பாடகர் கார்ல் டக்ளஸை வைத்து ஒரு பாட்டைப் பதிவு செய்தார். மூன்று மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்த ஒலிப்பதிவுக் கூட நேரத்தில் பெரும்பகுதியை அதுவே தின்றுவிட்டது. ஆனால் இசைத்தட்டுக்கு இரண்டு பக்கம் உண்டே! பின்பக்கத்தை நிரப்ப டக்ளஸ் எழுதி வைத்திருந்த ஒன்றை எடுத்து, மிச்சமிருந்த பத்து நிமிடத்தில் இரண்டே டேக்கில் முடித்தார்கள். நடுநடுவே சண்டைக் கூச்சல்களும் போட்டுக்கொண்டார்கள். பின்பக்கத்தை யார் கேட்கப் போகிறார்கள் என்ற தைரியம்தான். கேட்ட கம்பெனிக்காரர் இதையே முன்பக்கமாக்கச் சொன்னார். அதுதான் 'குங் ஃபூ ஃபைட்டிங்'. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம். ஒரு கோடிக்கு மேல் விற்றதாகச் சொல்வார்கள். அதை வெறும் அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது. 1976இல் டினா சார்லஸ் பாடிய 'ஐ லவ் டு லவ்' பாட்டையும் பிட்டு பிரிட்டனில் முதலிடத்துக்குக் கொண்டுபோனார்.

என்னைக் கேட்டால் அவருடைய பெரிய சாதனை இதற்குப் பிறகுதான். நடிகர் ஃபெரோஸ் கான் தன் 'குர்பானி' (1980) இந்திப் படத்துக்கு இவரிடம் ஒரே ஒரு பாட்டு கேட்டார். படத்தின் மற்றப் பாட்டுகளுக்குக் கல்யாண்ஜி ஆனந்த்ஜி இசை. பாடியது லண்டனில் இருந்த பாகிஸ்தான் சிறுமி நாசியா ஹசன், வயது 15. லதா, ஆஷா குரல்களுக்குப் பழகிய காதுக்கு அது மெல்லிய, கொஞ்சம் மூக்கால் பாடுகிற குரல். பிட்டு அதை மறைக்கப் பார்க்கவில்லை. ஒரே வரியை இருமுறை பாடவைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். இப்படிச் செய்தால் குரலுக்குக் கனம் கூடும், ஒரு மினுமினுப்பும் வரும். 'ஆப் ஜைசா கோயி' பாட்டு நாசியாவுக்கு ஃபிலிம்ஃபேர் விருது வாங்கித் தந்தது.

அடுத்த ஆண்டு பிட்டு தயாரிப்பில் நாசியாவும் தம்பி ஸோஹெப்பும் பாடிய 'டிஸ்கோ தீவானே' வந்தது. படம் கிடையாது, கதாநாயகன் கிடையாது, பாட்டு மட்டும். சினிமாப் பாட்டே பாட்டு என்றிருந்த நாட்டில் அப்படி ஒரு ஆல்பம் சக்கைப்போடு போட்டது புதுசு. 1995இல் பிட்டு தயாரித்து அலிஷா சினாய் பாடிய 'மேட் இன் இந்தியா' ஆல்பமும் அப்படியே பெரிய வெற்றி பெற்றது. அதற்குள் சாட்டிலைட் டிவி வந்திருந்தது. மிலிந்த் சோமன் நடித்த வீடியோ வீடுவீடாக ஓடி கேசட்டை விற்றுக் கொடுத்தது.

இரண்டு ஆண்டு கழித்து, சோனி வெளியிட்ட ஏ.ஆர். ரஹ்மானின் 'வந்தே மாதரம்' கடைக்கு வந்தபோது, படமில்லாத பாட்டைக் காசு கொடுத்து வாங்கும் பழக்கம் ஏற்கெனவே உருவாகியிருந்தது. பிட்டு பிறகு எழுத்துப் பக்கம் போனார். 2010இல் வந்த சுயசரிதைக்கும் 'மேட் இன் இந்தியா' என்றே பெயர் வைத்தார்.